கேன்டீன் கம்ப்யூட்டரில் ஒரே பெயர்

கிறிஸ்டினாவுக்கு என்ன வேலை என்று பொன்னேரியில் யாராவது கேட்டால், அவள் அம்மா கங்கம்மா, "கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். அதில் பெருமையும் இருந்தது, கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது. பாலிடெக்னிக் படித்த பெண் ஆபீஸில் ஃபைல் பார்ப்பாள், நான்கு பேருக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள் என்று அவள் நினைத்திருந்தாள். கிறிஸ்டினாவோ கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பிரேக் டிரம் வார்க்கும் ஒரு தொழிற்சாலையின் மாடியில், ஏசி போட்ட சின்ன அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் அம்மா சொன்னது தப்பில்லை. அந்தத் தொழிற்சாலையின் நூற்று நாற்பது கம்ப்யூட்டர்களில் ஒன்றுகூட நேராக இணையத்துக்குப் போகாது. நடுவில் புராக்ஸி என்று ஒன்று நிற்கும். நீ யார் என்று பெயர் கேட்கும். இவருக்கு இது திறக்கலாமா கூடாதா என்று பார்க்கும். திறக்கலாம் என்றால் அவருக்குப் பதிலாகத் தானே போய் வாங்கி வந்து கொடுக்கும். யார் கேட்டார், எதைக் கேட்டார், எத்தனை மணிக்கு என்று ஒன்று விடாமல் எழுதியும் வைக்கும். ஆபீஸுக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, வெளியாட்களுக்கு ஒன்று, கேன்டீனுக்கு ஒன்று என்று நான்கு புராக்ஸிகள் இருந்தன. நான்கையும் ஒரே இடத்திலிருந்து நடத்துகிற புதிய சேவை ஒன்றை இந்த வருஷம் தலைமை அலுவலகம் அனுப்பிவைத்தது. சொல்லிக்கொடுக்க ஆள் அனுப்பவில்லை. மூன்று வாரம் தானே படித்து, தப்புத் தப்பாகப் போட்டு, அழித்து, மறுபடி போட்டு, கிறிஸ்டினா அதை ஓடவைத்தாள். ஓடிய அன்று கைதட்ட ஒருவரும் இல்லை. கீழே கிரைண்டிங் செக்‌ஷனில் இருந்த அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

அந்தோணிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஓடுதா? ஓடுதுன்னா சரி" என்று சிரித்தான். முகமெல்லாம் இரும்புத் தூள். பல் மட்டும் வெள்ளை.

அவனுக்கு முப்பத்தேழு வயது. வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. தங்கையின் கடைசி வருஷப் படிப்புக்காக, வேறொரு கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்தபோது பிரஸ் இயந்திரத்தில் போனவை அவை. ஒன்பது வருஷமாக இங்கே ஒப்பந்தத் தொழிலாளி. எளாவூர்ப் பக்கம் ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். "பர்மனென்ட் ஆவட்டும், பாத்துக்கலாம்" என்று பெண் வீட்டார் இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை நிரந்தரமாகப்போகிற பன்னிரண்டு பேர் பட்டியலில் அந்தோணியின் பெயர் ஒன்பதாவதாக இருந்தது. அறிவிப்புப் பலகையில் அதைப் பார்த்த அன்று கங்கம்மா மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, முதல் தடவையாக மகளின் தலையைத் தடவினாள்.

இனி கேன்டீன் கதைக்கு வருவோம். அங்கேதான் இந்தப் பெண்ணின் தலையெழுத்து உட்கார்ந்திருந்தது.

தொழிலாளர்களின் செல்போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் லீவு எத்தனை பாக்கி, பி.எஃப். ஏறியிருக்கிறதா என்று பார்க்க கேன்டீன் மூலையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அதில் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை புராக்ஸி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். கையெல்லாம் எண்ணெயாக, கண்ணாடி இல்லாமல், ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதற்குள் அது மறுபடி கேட்டுவிடும். பின்னால் வரிசை நிற்கும். நாஷ்டா நேரம் இருபது நிமிஷம்தான்.

ஒருநாள் கிறிஸ்டினா டிபன் எடுக்க வந்தபோது தேசப்பன் அவளைப் பிடித்துக்கொண்டார். கிரைண்டிங்கில் பதினான்கு வருஷம் நின்றவர். அந்தோணிக்கு வேலை பழக்கியவர். ஆந்திர எல்லை ஓரத்துக்காரர் என்பதால் செக்‌ஷனே அவரை நைனா என்றுதான் கூப்பிடும்.

"இன்னா பாப்பா, உன் பொட்டி எங்கள திருடன்னு நெனச்சிக்கினு கீதா? இப்பதான் பேர் சொன்னேன், மறுபடியும் நீ யாருன்னு கேக்குது. எங்க ஊட்டுக்காரிகூட இவ்ளோ கேக்கமாட்டா."

வரிசையே சிரித்தது.

"மாத்திடறேன் நைனா."

மாடிக்குப் போய் அந்தச் சேவையின் செட்டிங்ஸைத் திறந்தாள். கேன்டீன் புராக்ஸிக்கு நேரே, ஒருவர் பெயர் சொன்னால் எத்தனை நேரம் செல்லும் என்ற இடத்தில் ஐந்து நிமிஷம் என்றிருந்ததை எட்டு மணி நேரம் என்று மாற்றினாள். ஷிஃப்டில் முதலில் வருபவர் ஒருதடவை திறந்தால் போதும், அந்த ஷிஃப்ட் முழுக்க எல்லாரும் பார்க்கலாம். சேமித்தாள். சேவையை ஒருதடவை நிறுத்தி ஓடவிட்டாள். வேலை முடிந்தது. வரிசை குறையும் என்று மட்டும்தான் அவள் நினைத்தாள். எழுதி வைக்கிற பக்கத்தில் அந்த எண் என்ன செய்யும் என்று அந்தப் பேதைப் பெண் நினைக்கவே இல்லை.

மறுநாளிலிருந்து முதல் ஷிஃப்டில் கம்ப்யூட்டரைத் திறப்பது அந்தோணியின் வேலையாயிற்று. செக்‌ஷனுக்கு டீ டோக்கன் வாங்க ஐந்தே முக்காலுக்கே அவன் கேன்டீனுக்கு வந்துவிடுவான். வந்த கையோடு தன் எண்ணைப் போட்டுத் திறந்து வைத்துவிட்டுப் போவான். வயதானவர்களுக்கு உதவியாக இருக்குமே என்று செய்தான்.

தை மாசத்தில் தேசப்பனின் கண் போனது. டிரம்மின் பிசிறைத் தேய்க்கும்போது தெறித்த துணுக்கு இடது கண்ணில் ஏறிவிட்டது. மூன்று மாசமாகப் பாதுகாப்புக் கண்ணாடி கேட்டும் ஸ்டோரில் கொடுக்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். கம்பெனி ரிஜிஸ்டரில், வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்தார் என்று எழுதினார்கள். இரண்டு மாசம் கழித்து ஒற்றைக் கண்ணோடு அவர் வேலைக்குத் திரும்பினார். பார்சல் கட்டுகிற இடத்தில் உட்காரவைத்தார்கள்.

சித்திரையில் தொழிற்சாலைகளைச் சோதிக்கிற அதிகாரி ஒருவர் திடீரென்று வந்து ஸ்டோரைத் திறக்கச் சொன்னார். யாரோ இணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று அன்று சாயங்காலமே செய்தி பரவியது.

மறுநாள் மனிதவள மேலாளர் அன்புசெல்வன் கிறிஸ்டினாவைக் கூப்பிட்டார். குரலை உயர்த்தாத மனிதர். பேசும்போது மேஜைமேலிருக்கும் பேனாக்களை நேராக அடுக்கிக்கொண்டே இருப்பார்.

"நீ புதுசா போட்டிருக்கிற சிஸ்டம் பிரமாதம்னு ஹெட் ஆபீஸ்ல சொன்னாங்கம்மா. அதுல எனக்கு ஒரு ரிப்போர்ட் வேணும். கேன்டீன் லைன்ல போன ஒரு மாசம் யார் யார் எந்தெந்த சைட் பார்த்தாங்கன்னு. பெயரோட. தினமும் காலைல பத்து மணிக்குத் தானா என் மெயிலுக்கு வந்துடணும். முடியுமா?"

"முடியும் சார்."

எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தன் வேலையை ஒருவர் பிரமாதம் என்று சொன்ன சந்தோஷத்தில், அன்றைக்கே உட்கார்ந்து அதைப் போட்டு முடித்தாள்.

அடுத்த நாள் பத்து மணிக்கு ரிப்போர்ட் போனது. பத்து மணி பத்து நிமிஷத்துக்கு, சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கத் தன் பிரதியைத் திறந்தாள். முதல் ஷிஃப்ட் பக்கம் முழுக்க ஒரே பெயர். தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறையின் புகார்ப் பக்கம், அறுபத்து மூன்று தடவை. அறுபத்து மூன்றுக்கும் நேரே அவள் அண்ணன் பெயர்.

படி இறங்கி ஓடினாள். அன்புசெல்வன் அதற்குள் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார்.

"சார், அது தப்பு சார். அதாவது... தப்பில்ல, ஆனா அது அண்ணன் இல்ல. அவரு காலைல திறந்து வெச்சிட்டுப் போயிடுவாரு. அதுக்கப்புறம் யார் பார்த்தாலும் அவர் பேர்லதான் விழும். நான்தான் எட்டு மணி நேரம்னு போட்டேன்."

அவர் முழுக்கக் கேட்டார்.

"புரியுதும்மா. நல்லாவே புரியுது" என்றார். "ஆனா இந்தப் பேப்பர்ல அந்தோணின்னுதானே இருக்கு? பன்னிரண்டு பேர் லிஸ்ட் திங்கட்கிழமை டைரக்டர்கிட்ட போகுது. பக்கத்துலயே இந்தப் பேப்பரும் போகும். உங்க அண்ணன் இல்லன்னா வேற யாரோ. அந்த வேற யாருன்னு நீ எழுதிக் குடுத்துட்டா நான் எதுக்கு அவர் பேரைச் சொல்லப்போறேன்? வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம் எடுத்துக்கோ. டீ சாப்பிடறியா?"

அன்று ரயிலில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தோணி ஃபேனுக்கு அடியில் பனியனோடு உட்கார்ந்து கேட்டான். முகம் மாறவே இல்லை.

"புகார யார் குடுத்ததுண்ணா?"

"நைனாதான். அவரு சொல்லச் சொல்ல பசங்க ஆளுக்கு ரெண்டு வரி அடிச்சானுங்க. அதுக்கப்புறம் இன்னா ஆச்சி, இன்னா ஆச்சின்னு ஆளாளுக்குத் தொறந்து பாத்துக்கினு இருந்தானுங்க. நான் அடிக்கல. ஆனா எனக்குத் தெரியும்."

"அப்ப சார்கிட்ட சொல்லிடுண்ணா. நீ இல்லன்னு சொல்லு."

"இல்லன்னு சொல்றேன். யாருன்னு சொல்லமாட்டேன். நீயும் சொல்லக்கூடாது கிறிஸ்டி."

"லிஸ்ட்லருந்து எடுத்துடுவாங்கண்ணா!"

"எடுத்தா எடுக்கட்டும். ஒம்போது வருசம் இப்டியேதானே கீறேன்? அந்தாளுக்கு ஒரு கண்ணே போயிட்சி." எழுந்து துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

அவன் போகட்டும் என்று காத்திருந்தவள்போல அடுப்படியிலிருந்து கங்கம்மா வந்தாள். கரண்டி கையிலேயே இருந்தது.

"அவன் அப்டித்தான் பேசுவான். அவன் பேச்ச கேட்டா பொண்ணு ஊட்டுக்காரன் நாளைக்கே வேற எடம் பாத்துக்குவான். நீ சொல்லு, அந்த நம்பர போட்டது யாரு?"

"நான்தாம்மா."

"அவன் ரெண்டு வெரலு உன் படிப்புக்குப் போச்சி. இப்ப வேலையும் உன் கையாலயே போவட்டும்னு கீறியா? அந்தக் கெய்வனுக்கு இன்னும் எத்தினி வருசம் வேல? அவன் பொண்ணுங்களயெல்லாம் கட்டிக் குடுத்துட்டான். என் புள்ளைக்கு இனிமேதான் எல்லாமே."

கிறிஸ்டினா தோளிலிருந்த பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

"உன்ன படிக்கவெச்சது தப்பு" என்றாள் பெற்றவள். "அந்த டப்புக்கு ஒரு எருமை வாங்கிக் கட்டியிருந்தா, அது பால் குடுத்திருக்கும். புள்ளையத் தின்னிருக்காது."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் குழம்பைக் கிளறினாள். பெற்ற வாய் சொன்ன சொல் மகளின் நெஞ்சுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள். கேன்டீன் பக்கமே போகவில்லை. தேசப்பன் மட்டும் ஒருதடவை மாடிப்படிக்குக் கீழே நின்று, "இன்னா பாப்பா, ஒடம்பு சரியில்லயா? மொகமே ஒரு மாதிரியா கீது" என்று விசாரித்தார். கேட்டபோது அவர் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, நல்ல கண்ணை அவள் பக்கம் கொண்டுவந்தார். "ஒண்ணும் இல்ல நைனா" என்று ஏறிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு அன்புசெல்வன் அவளுக்கு வெள்ளைத்தாள் கொடுத்தார். தன் பேனாவையே கொடுத்தார்.

"நடந்ததை அப்படியே எழுதும்மா. அண்ணன் திறந்து வச்சிட்டுப் போவார், மற்றவங்க அதே லாகின்ல பார்ப்பாங்கன்னு தெளிவா எழுது. அப்பதானே அவர் மேல தப்பில்லன்னு தெரியும்? அப்புறம் புகார் குடுத்தது யாருன்னு ஒரு பேர். ஒரே ஒரு பேர் போதும்."

அவள் எழுதினாள். அண்ணனைக் காப்பாற்றவேண்டும் என்ற வேகத்தில் முதல் பாதியை நீளமாக, ஒவ்வொரு நாளும் எப்படித் திறப்பான், யாரெல்லாம் பயன்படுத்துவார்கள் என்று ஒன்று விடாமல் எழுதினாள். கடைசி வரியில் பேனா நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் வழியே லாரிகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் கழித்து, "தேசப்பன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

"எனக்குத் தெரியாத பேர் இல்ல" என்றார் அன்புசெல்வன், தாளை ஃபைலில் வைத்தபடி. "கண்ணு போனவன்தானே புகார் குடுப்பான்? ஆனா தெரியறது வேற, கையெழுத்து வேற. ரொம்ப நன்றிம்மா."

"அண்ணன் சார்?"

"அதை நான் பார்த்துக்கறேன். நிம்மதியா போ."

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் அண்ணன் முகத்தைப் பார்க்காமல் கழித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலில் நின்றபோது, என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அவள் தொழிற்சாலைக்கு வந்தபோது, கேட்டுக்கு வெளியே சுவர் ஓரமாகத் தேசப்பன் நின்றிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதில் டிபன் டப்பாவும் வேலைச் சட்டையும். ஹெல்மெட்டையும் பாஸையும் செக்யூரிட்டி வாங்கி வைத்துவிட்டார்.

"நிறுத்திட்டானுங்க பாப்பா" என்றார். அழவில்லை. வெட்கப்பட்டவர் மாதிரிச் சிரித்தார். "கம்பெனி விஷயத்த வெளில சொன்னேனாம். எவனோ எய்திக் குடுத்துக்கீறான். பதினாலு வருசம் ஒண்ணா துன்ன பசங்க. எவன்னு தெர்ல."

கிறிஸ்டினா உள்ளே ஓடிவிடலாம் என்று திரும்பினாள். அதே நேரம் கேட்டின் சின்னக் கதவு வழியாக அந்தோணி வெளியே வந்தான். அவன் கையிலும் ஒரு காகிதம் இருந்தது.

தேசப்பன் கலங்கிப்போனார். "நீ இன்னாத்துக்குடா வந்த? என்ன அனுப்பறதுக்கோசரம் வேலைய வுட்டுட்டு வரலாமா? லிஸ்ட்டு இன்னிக்கிதானே போவுது? போ உள்ள."

அந்தோணி அவரைப் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தான். அவளை அவன் அப்படிப் பார்த்ததே இல்லை.

"நைனா, எவன்னு தெர்லன்னு சொன்னியே? எவனும் இல்ல. தோ நிக்கிறா பாரு. இவதான்."

சிப்காட் ரோட்டில் ஒரு கன்டெய்னர் லாரி போனது.

தேசப்பன் தலையைத் திருப்பி நல்ல கண்ணால் அவளைப் பார்த்தார். திட்டுவார், காறித் துப்புவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணனுக்கோசரந்தானே பாப்பா எய்தின?" என்றார் மெதுவாக.

அவள் தலையசைத்தாள்.

"சரி, வுடு. இவன் வேலையாவது தங்கிச்சா?"

அந்தோணி தன் கையிலிருந்த காகிதத்தை நீட்டினான். அவரிடம் நீட்டவில்லை, தங்கையிடம் நீட்டினான்.

"அவருக்குச் சின்ன எழுத்து தெரியாது. நீ படிச்சவளாச்சே. படி."

"அண்ணா..."

"படி. அவர் கேக்கறாரில்ல?"

அவள் வாங்கினாள். "ஒப்பந்தத் தொழிலாளர் திரு. அந்தோணி அவர்களுக்கு. தங்களுக்கு மட்டும் வழங்கப்பட்ட எண்ணையும் பாஸ்வேர்டையும் தினந்தோறும் பிறர் பயன்படுத்த அனுமதித்து வந்தீர்கள் என்பது..." நின்றாள்.

"படி" என்றான் அந்தோணி.

"...என்பது நெட்வொர்க் உதவியாளர் கிறிஸ்டினா தன் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தால் உறுதியாகிறது. எனவே நிரந்தரப் பணிக்கான பட்டியலிலிருந்து தங்கள் பெயர் நீக்கப்படுகிறது. இன்று முதல் தங்கள் சேவை தேவையில்லை என்று ஒப்பந்ததாரருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது."

தேசப்பன் இதுவரை பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. "அய்யோ, ரெண்டு பேரையும் ஒரே பேப்பர்ல முடிச்சிட்டியே" என்று பையைக் கீழே போட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வழிய, அந்தோணியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்தோணி குனிந்து பையை எடுத்துக்கொண்டான். தங்கையின் கையிலிருந்த காகிதத்தை உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ சாயங்காலம் எங்கனா போய்க்கோ. ஊட்டுக்கு வராத."

பெரியவரின் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தான். அவள் அவர்கள் பின்னால் நாலு அடி வைத்தாள். அவன் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் அவள் கால் நின்றுவிட்டது. ஷேர் ஆட்டோ வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். ஸ்டேஷன் பக்கம் திரும்பி மறைந்தது.

"மேடம்" என்றார் செக்யூரிட்டி. "அன்புசெல்வன் சார் ரெண்டு தபா போன் பண்ணிட்டாரு. பத்து மணி ரிப்போர்ட்டு இன்னிக்கு ரெண்டாவது ஷிஃப்டுக்கும் சேத்து வோணுமாம். உள்ள வரீங்களா, வெளிய போறீங்களா? கேட்ட மூடணும்."

கிறிஸ்டினா முகத்தைத் துப்பட்டாவால் துடைத்தாள். கழுத்து அட்டையைக் கதவோரப் பெட்டியில் காட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. அவள் உள்ளே போனாள்.